திட்டம் சரிதான், நேரம்தான் சரியில்லையா?

போன வாரம் விடுதியில் ஐந்தாறு பேர் ஒரு மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்து 'பிளாக் ஹாக் டவுன்' பார்த்தோம். 2001-இல் வந்த பழைய படம்தான். படம் முடிந்ததும் வழக்கம்போல விவாதம் ஆரம்பித்தது. என் அறை நண்பன் ராணுவ அதிகாரியாக வேண்டும் என்று சி.டி.எஸ். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். அவன் கொடுத்த தீர்ப்பு இது: "பிளான் எல்லாம் கரெக்ட்தான் மச்சி. அன்னைக்கு அவனுங்களுக்கு நேரம் சரியில்ல, அவ்வளவுதான்."

அந்த வார்த்தை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. உண்மையில் நேரம்தான் காரணமா? நூலகத்திலும் இணையத்திலும் கிடைத்ததையெல்லாம் ஒரு வாரம் படித்தேன் (அடுத்த வாரம் இன்டெர்னல் தேர்வு இருக்கிறது என்பது வேறு கதை). ஒரு நடவடிக்கையில் ஆரம்பித்து நாலைந்துக்குப் போய்விட்டேன். படிக்கப் படிக்க எனக்கு ஒரே விஷயம்தான் திரும்பத் திரும்பத் தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கதைக்கு வருவோம்.

1. ஏழாவது தடவை

சோமாலியாவின் தலைநகர் மொகதிஷு. 1993 அக்டோபர் 3, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஐதீத் என்ற ஆயுதக்குழுத் தலைவரின் முக்கியமான ஆட்கள் இருவரைப் பிடித்து வர, சுமார் 160 அமெரிக்க வீரர்கள் ஹெலிகாப்டர்களிலும் வண்டிகளிலும் கிளம்பினார்கள். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்பது கணக்கு. அந்த நம்பிக்கையில் சிலர், இருட்டில் பார்க்க உதவும் கருவியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். பட்டப்பகலில் போய்ப் பட்டப்பகலிலேயே வரப்போகிறோம், அது எதற்கு?

பிடிக்க வேண்டியவர்களைப் பிடித்தும் விட்டார்கள். ஆனால் இரண்டு ஹெலிகாப்டர்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன. சண்டை மறுநாள் காலை வரை நீண்டது. 18 அமெரிக்க வீரர்கள் செத்துப்போனார்கள். சோமாலியர்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அதில் பெண்களும் குழந்தைகளும் உண்டு.

இதை 'நேரம்' என்று சொல்லலாமா? அந்தப் படைக்கு அது மொகதிஷுவில் ஏழாவது நடவடிக்கை. முந்தைய ஆறிலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: ஹெலிகாப்டர் தாழ்வாக வரும், வீரர்கள் கயிற்றில் இறங்குவார்கள், வண்டிகள் வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஆறு தடவை பார்த்த எதிரிக்கு ஏழாவது தடவை என்ன நடக்கும் என்று ஜோசியம் பார்க்கவா வேண்டும்? அதுமட்டுமில்லை. அதற்கு எட்டு நாள் முன்னால், செப்டம்பர் 25 அன்று, அதே நகரத்தில் வேறொரு பிளாக் ஹாக் ஹெலிகாப்டரைத் தோளில் வைத்துச் சுடும் ராக்கெட்டால் வீழ்த்தியிருந்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். எச்சரிக்கை மணி அப்போதே அடித்துவிட்டது.

அங்கிருந்த அமெரிக்கத் தளபதி ஜெனரல் மான்ட்கோமரி, டாங்கிகளும் கவச வண்டிகளும் வேண்டும் என்று செப்டம்பரிலேயே கேட்டிருந்தார். பாதுகாப்புத் துறைச் செயலர் லெஸ் ஆஸ்பின் தரவில்லை. கடைசியில் சிக்கிக்கொண்டவர்களை மீட்கப் போனவை ஐ.நா. படையிலிருந்த பாகிஸ்தான் டாங்கிகளும் மலேசியக் கவச வண்டிகளும்தான். அவர்களிடம் முன்கூட்டி எதுவும் சொல்லி வைக்காததால், அந்த மீட்பு அணியைத் திரட்டிக் கிளப்புவதற்கே மணிக்கணக்கில் ஆனது.

ஒன்றைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். அந்த நடவடிக்கையின் தளபதி ஜெனரல் காரிசன், முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று ஜனாதிபதி கிளின்டனுக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். வானிலை மேலும் கீழே இருப்பவன் மேலும் பழி போடவில்லை. தலைமை என்றால் என்ன என்று கேட்டால் நான் முதலில் அந்தக் கடிதத்தைத்தான் காட்டுவேன். ஆனால் பொறுப்பேற்பது நடந்து முடிந்த பிறகு செய்வது. நடப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. அது என்ன என்று பார்க்க இன்னும் பின்னால் போக வேண்டும்.

2. தூசி மேகம்

1980 ஏப்ரல். டெஹ்ரானில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தை ஈரானிய மாணவர்கள் பிடித்து, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பணயக்கைதிகளாக வைத்து ஐந்து மாதம் தாண்டிவிட்டது. அவர்களை மீட்க 'ஈகிள் க்ளா' (கழுகின் நகம்) என்று ஒரு திட்டம். நிமிட்ஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து 8 ஹெலிகாப்டர்கள் கிளம்பி, ராத்திரியோடு ராத்திரியாக ஈரான் பாலைவனத்தில் 'டெசர்ட் ஒன்' என்று பெயர் வைத்த இடத்துக்கு வர வேண்டும். அங்கே சரக்கு விமானங்களில் வந்து காத்திருக்கும் டெல்டா படையை ஏற்றிக்கொண்டு டெஹ்ரானை நோக்கிப் போக வேண்டும். மேற்கொண்டு போகக் குறைந்தது 6 ஹெலிகாப்டர் வேண்டும்.

எட்டில் ஒன்றை வழியில் இறக்கை எச்சரிக்கை விளக்கு எரிந்ததால் பாலைவனத்திலேயே விட்டுவிட்டார்கள். அப்புறம் விமானிகள் யாரும் எதிர்பார்க்காத பிரம்மாண்டமான தூசி மேகம். அதில் திணறி இன்னொன்று கப்பலுக்கே திரும்பிவிட்டது. வந்து சேர்ந்தவை ஆறு. அதிலும் ஒன்றில் ஹைட்ராலிக் கோளாறு. ஐந்தை வைத்துக்கொண்டு போக முடியாது என்று நடவடிக்கையைக் கைவிட்டார்கள். திரும்பக் கிளம்பும்போது ஒரு ஹெலிகாப்டர் சரக்கு விமானத்தில் மோதித் தீப்பிடித்து 8 பேர் இறந்தார்கள். ஒரு பணயக்கைதியைக்கூட மீட்கவில்லை.

என் நண்பன் இதையும் கெட்ட நேரம் என்றுதான் சொல்வான். ஆனால் பிறகு ஓய்வுபெற்ற அட்மிரல் ஹாலோவே தலைமையில் ஒரு குழு விசாரித்தது. அந்த அறிக்கை சொல்வதைக் கவனியுங்கள். அந்தப் பகுதியில் தூசி அப்படித் தொங்கும் என்பது வானிலைக் குழுவுக்குத் தெரிந்தே இருந்தது. ரகசியம் காக்க வேண்டும் என்பதற்காக வானிலைக் குழுவும் விமானிகளும் நேரில் பேசிக்கொள்ளவே இல்லை. நடுவில் ஓர் உளவு அதிகாரி வழியாகத்தான் தகவல் போனது. தூசி விஷயம் விமானிகளுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னும் கொடுமை, திரும்பிப் போனாரே ஒரு விமானி, அவருக்கு டெசர்ட் ஒன்னில் வானம் தெளிவாக இருக்கிறது என்பது தெரியாது. தெரிந்திருந்தால் தொடர்ந்து போயிருப்பார் என்கிறது அறிக்கை. வானொலியில் பேசக் கூடாது என்ற கட்டுப்பாடு, அதனால் யாரும் சொல்லவில்லை.

கடற்படை ஹெலிகாப்டர், ஓட்டுபவர்கள் பெரும்பாலும் மரைன் படையினர், சரக்கு விமானம் விமானப்படையுடையது, இறங்கிச் சண்டை போட வேண்டியது தரைப்படை. இந்த நால்வரும் ஒரே இடத்தில் கூடி முழு ஒத்திகை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் திட்டம் போட்டிருந்தால் குறைந்தது 10 ஹெலிகாப்டர் கேட்டிருப்பார்கள் என்றும் அந்தக் குழு சொன்னது. ஆக, தெரிந்தவன் இருந்தான். தெரிய வேண்டியவனும் இருந்தான். இரண்டு பேரும் ஒரே அறையில் இல்லை.

3. அதே விபத்து, வேறு முடிவு

அந்த அவமானம் வீண்போகவில்லை. 1986-இல் கோல்ட்வாட்டர்-நிக்கல்ஸ் சட்டம் வந்தது. முப்படைகளும் சேர்ந்து செயல்படுவதற்கான கட்டளை அமைப்பையே அது மாற்றியது. 1987-இல் சிறப்புப் படைகளுக்கென்று தனித் தலைமையகம் வந்தது. அதன் பலனை 2011 மே 2 அன்று அப்போட்டாபாத்தில் பார்க்கலாம்.

பின்லேடன் இருந்த வீட்டில் இறங்கப் போனபோது நடந்தது நினைவிருக்கிறதா? இரண்டு ஹெலிகாப்டர்களில் ஒன்று வளாகத்துக்குள்ளேயே விழுந்துவிட்டது. ஒத்திகைக்குக் கட்டிய மாதிரி வளாகத்தில் சுற்றிலும் கம்பி வேலி. உண்மையான வீட்டில் உயரமான சுவர். சுவருக்குள் காற்று வேறு மாதிரி சுழன்றதால் ஹெலிகாப்டர் உயரம் பிடிக்க முடியாமல் இறங்கிவிட்டது. எவ்வளவுதான் ஒத்திகை பார்த்தாலும் ஏதோ ஒன்று தப்பத்தான் செய்யும். யானைக்கும் அடி சறுக்கும்.

ஆனால் இந்தத் தடவை அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. பின்னால் சினூக் ஹெலிகாப்டர்கள் தயாராக நின்றன. பாகிஸ்தான் படை குறுக்கே வந்தால் நம் ஆட்கள் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வர முடியுமா என்று திட்டக் கூட்டத்தில் ஒபாமா கேட்டதால் கூடுதல் பலம் சேர்க்கப்பட்டது. நடவடிக்கைக்கு முன்பு, இதுவரை இதில் சம்பந்தப்படாத ஒரு சிறு குழுவிடம் உளவுத் தகவல்களைக் கொடுத்து, ஓட்டை கண்டுபிடியுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஹெலிகாப்டர் விழுந்தும் போன வீரர்கள் எல்லோரும் உயிரோடு திரும்பினார்கள். இன்னொரு நாட்டுக்குள் சொல்லாமல் நுழைந்தது சரியா என்பது தனி விவாதம். நான் இங்கே திட்டமிடலை மட்டும் பேசுகிறேன்.

1980-இலும் 2011-இலும் ஹெலிகாப்டர் போனது. ஒன்றில் நடவடிக்கையே போனது. இன்னொன்றில் ஹெலிகாப்டர் மட்டும் போனது.

4. மூழ்கிய கப்பல்கள் மிதந்த கதை

இதுவரை படித்ததும், 'அப்படியானால் அமெரிக்கர்கள் பாடம் கற்றுவிட்டார்கள்' என்றுதான் நானும் நினைத்தேன். பிறகுதான் 2002-ஆம் வருடக் கதை கிடைத்தது.

அந்த வருடம் ஜூலை, ஆகஸ்டில் 'மிலேனியம் சேலஞ்ச்' என்று 25 கோடி டாலர் செலவில் பெரிய போர்ப்பயிற்சி நடந்தது. வளைகுடாப் பகுதியில் ஒரு கற்பனை எதிரி. அந்த எதிரித் தரப்புக்குத் தலைமை தாங்கியவர் ஓய்வுபெற்ற மரைன் ஜெனரல் பால் வான் ரைப்பர். வானொலியில் பேசினால் ஒட்டுக்கேட்பார்கள் என்று அவர் மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பிச் செய்தி சொன்னார். திடீரென்று ஏவுகணைகளையும் சின்னச் சின்னப் படகுகளையும் ஒரே நேரத்தில் ஏவினார். கணினிக் கணக்கில் ஒரு விமானம் தாங்கிக் கப்பல் உட்பட 16 அமெரிக்கக் கப்பல்கள் மூழ்கின.

என்ன செய்தார்கள் தெரியுமா? மூழ்கிய கப்பல்களை மறுபடி மிதக்கவிட்டுப் பயிற்சியைத் தொடர்ந்தார்கள்! ஆயிரக்கணக்கானவர்கள் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள், பாதியில் நிறுத்த முடியாது என்பது அவர்கள் தரப்பு நியாயம். அது ஓரளவு சரிதான். ஆனால் அதற்குப் பிறகு எதிரி எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்றும் கட்டுப்படுத்தினார்கள். வான் ரைப்பர் வெறுத்துப்போய் விலகிவிட்டார். தேர்வில் ஃபெயில் ஆனவன் வினாத்தாளை மாற்றி எழுதிப் பாஸ் ஆவது மாதிரி :-)

அடுத்த வருடமே இராக். 2003 பிப்ரவரி 25 அன்று தரைப்படைத் தளபதி ஜெனரல் ஷின்செகியிடம் செனட் குழு ஒரு கேள்வி கேட்டது: போருக்குப் பிறகு இராக்கைக் கட்டுக்குள் வைக்க எத்தனை வீரர்கள் தேவை? பல லட்சம் பேர் தேவைப்படலாம் என்றார். இரண்டே நாளில் பாதுகாப்புத் துறையின் துணைச் செயலர் உல்ஃபோவிட்ஸ், அது பொருத்தமே இல்லாத மதிப்பீடு என்று பகிரங்கமாக ஒதுக்கித் தள்ளினார். அதே பிப்ரவரியில் தரைப்படையின் போர்க் கல்லூரியிலிருந்து ஓர் ஆய்வறிக்கையும் வந்தது. போர் முடிந்ததும் செய்ய வேண்டிய 135 வேலைகளை அது பட்டியல் போட்டது. இராக் ராணுவத்தைக் கலைத்துவிடாதீர்கள், ஆபத்து என்றும் எச்சரித்தது.

ஏப்ரல் 9-இல் பாக்தாத் விழுந்தது. உலகமே வியந்த வேகம். அடுத்த சில நாட்களில் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது; தடுக்கப் போதிய ஆள் இல்லை. மே 23-இல் இராக் ராணுவத்தையே ஓர் உத்தரவில் கலைத்தார்கள். ஆயுதம் பிடிக்கத் தெரிந்த லட்சக்கணக்கானவர்கள் ஒரே நாளில் வேலை இழந்து தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் பலர் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். கடைசியில் 2007 ஜனவரியில் 20,000-க்கும் மேற்பட்ட கூடுதல் வீரர்களை அனுப்புவதாக புஷ் அறிவித்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

5. அரபி படித்த வீரர்கள்

இதே இராக்கில் வேறு மாதிரி நடந்த ஓர் இடமும் உண்டு. வடக்கே தல் அஃபர் என்ற ஊர். 2005-இல் அங்கே போனது கர்னல் மெக்மாஸ்டரின் படைப்பிரிவு. கிளம்புவதற்கு முன்பே கொலராடோவில் இராக் கிராமம் மாதிரி அமைத்து, அரபு வம்சாவளி அமெரிக்கர்களை ஊர்க்காரர்களாக நடிக்க வைத்துப் பயிற்சி கொடுத்தார். வீரர்களில் பத்தில் ஒருவருக்கு அரபிப் பேச்சு கற்றுக்கொடுத்தார். இராக் மக்களை இழிவாகக் குறிக்கும் பட்டப்பெயரைச் சொல்லக் கூடாது என்று தடை போட்டார். ஊருக்கு வெளியே பெரிய முகாமில் உட்காராமல், ஊருக்குள் சின்னச் சின்னக் காவல் நிலைகளில் வீரர்களைத் தங்க வைத்தார். சன்னி, ஷியா பெரியவர்களோடு உட்கார்ந்து பேசினார். ஊர் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுவிட ஆரம்பித்தது.

அவருக்கு என்ன பரிசு? அடுத்தடுத்து இரண்டு தடவை பிரிகேடியர் ஜெனரல் பதவி உயர்வு மறுக்கப்பட்டது. ஜெனரல் பெட்ரேயஸ் தலைமையில் தேர்வுக்குழு அமைந்த பிறகு, 2008-இல்தான் கிடைத்தது. அந்த பெட்ரேயஸும் இதே வகைதான். கிளர்ச்சி எதிர்ப்புக்கான கையேட்டை 2006-இல் தயாரித்தபோது, பத்திரிகையாளர்களையும் மனித உரிமைக்காரர்களையும் கூப்பிட்டு வைத்து, இதில் என்ன தப்பு என்று கேட்டவர்.

தல் அஃபரை முழு வெற்றிக் கதையாக எழுதினால் அது பொய்யாகிவிடும். 2014-இல் அதே ஊர் ஐ.எஸ். கையில் விழுந்தது; 2017-இல்தான் மீட்டார்கள். ஒரு கர்னல் எவ்வளவு கவனமாக இருந்தாலும், மேலே போரே தவறாகப் போடப்பட்டிருந்தால் அவரால் எவ்வளவு தூரம்தான் இழுக்க முடியும்?

6. கீழே ஒரு நியாயம், மேலே ஒரு நியாயமா?

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

அமெரிக்கத் தரைப்படையில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பயிற்சியோ சண்டையோ முடிந்ததும் எல்லோரும் உட்காருவார்கள். என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன், அடுத்த தடவை என்ன செய்யலாம் என்று நாலு கேள்வி. அங்கே பதவி பார்ப்பதில்லை. சாதாரணச் சிப்பாய் எழுந்து, "சார், நீங்கள் கொடுத்த உத்தரவு தாமதமாக வந்தது" என்று தன் அதிகாரியிடம் சொல்லலாம். 30 பேர் கொண்ட அணிக்கு இது நடக்கிறது. ஓர் இரவு நடவடிக்கைக்கு நடக்கிறது. ஆனால் மேலே போகப் போக, "இது நடக்காவிட்டால்?" என்று கேட்பவனுக்கு நாற்காலி இல்லாமல் போகிறது. வான் ரைப்பருக்கு இல்லை. ஷின்செகிக்கு இல்லை.

ஆப்கானிஸ்தான்தான் இதற்குப் பெரிய சாட்சி. அந்தப் போரிலிருந்து கற்ற பாடங்கள் என்று அரசாங்கக் கண்காணிப்பு அமைப்பு ஒன்று 400-க்கும் மேற்பட்டவர்களைப் பேட்டி எடுத்தது. என்ன செய்கிறோம் என்றே தெரியவில்லை என்று தளபதிகளும் அதிகாரிகளும் உள்ளுக்குள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். வெளியே முன்னேற்றம், முன்னேற்றம் என்று அறிக்கை. அந்தப் பேட்டிகளை வாங்க வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை மூன்று வருடம் சட்டப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. 2019 டிசம்பரில்தான் வெளிவந்தது. பாடம் என்று பெயர் வைத்துவிட்டு அதையும் பூட்டி வைத்தால் யார் படிப்பது? 2021 ஆகஸ்ட் 15-இல் காபூல் தாலிபான் கைக்குப் போனது. 20 வருடம்.

"எல்லாம் முடிந்த பிறகு யாரும் குறை சொல்லலாம்" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நான் மேலே சொன்னவர்கள் யாரும் முடிந்த பிறகு சொன்னவர்கள் இல்லை. மான்ட்கோமரி முன்னாலேயே கேட்டார். வானிலைக் குழுவுக்கு முன்னாலேயே தெரியும். ஷின்செகி போருக்கு மூன்று வாரத்துக்கு மேல் இருக்கும்போதே சொன்னார். தகவல் இல்லாமல் யாரும் தோற்கவில்லை. தகவல் வைத்திருந்தவனுக்குக் காது கொடுக்காமல்தான் தோற்றார்கள். இதைக் கெட்ட நேரம் என்று சொன்னால், கேட்காமல் விட்டவர்களை நாமே தப்பிக்க விட்டதாக ஆகும்.

அதற்கான விலையைக் கொடுத்தது யார்? திட்டம் போட்ட அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் இல்லை. பாலைவனத்தில் எரிந்துபோன 8 பேர், மொகதிஷு தெருவில் செத்த வீரர்கள், அதே தெருவில் வீடு இருந்ததைத் தவிர வேறு தப்பே செய்யாத சோமாலியர்கள், ஒரு லட்சத்துக்கும் மேலான இராக்கியப் பொதுமக்கள். இவர்களில் ஒருவருக்கும் அந்த அறையில் இடம் இல்லை. அதனால்தான் அங்கே இவர்களுக்காகக் கேள்வி கேட்க ஒருவனாவது இருந்தாக வேண்டும் என்கிறேன்.

நேற்று இரவு இதையெல்லாம் அறை நண்பனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்ப நான் ஆபீசர் ஆனா, எனக்குக் கீழ இருக்கிறவன் என்னைக் கேள்வி கேட்கணும்ங்கிறியா?" என்றான்.

"ஆமாடா. அவன் கேட்கிறதுக்கு பயப்படாத மாதிரி நீ இருக்கணும்" என்றேன்.

சிரித்தான். தேர்வில் பாஸாகிவிடுவான் என்றுதான் நினைக்கிறேன். இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் முப்பது பேரின் உயிர் அவன் கையில் இருக்கும். அன்றைக்கு ஒரு ஜவான் தயங்கித் தயங்கி, "சாப், அந்த வழி சரியா வராதுன்னு தோணுது" என்று சொல்லும்போது, இந்தப் பேச்சு அவனுக்கு ஞாபகம் வந்தால் போதும்.